விரதம் இருந்த குதிரை

என் அம்மா ஊர் முழுக்க என்னைப் பல் டாக்டர் என்று சொல்லி வைத்திருக்கிறார். அதில் பல் என்பது உண்மை. டாக்டர் என்பது அம்மாவின் ஆசை. குதிரை என்ற சொல்லை மட்டும் ஒவ்வொரு முறையும் நாசூக்காக விழுங்கிவிடுவார்.

எங்களுடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பினாங்கில் வேர்விட்ட குடும்பம். கொள்ளுத்தாத்தா ரயில்வேயில் கிளார்க். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கணக்காளர், வழக்கறிஞர், பள்ளி ஆசிரியர் என்று மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தே வாழ்ந்தவர்கள். முழங்கை வரை கையைக் குதிரையின் வாய்க்குள் விட்டு அரத்தால் பல் தேய்க்கிற ஒருத்தியை அந்த வரிசையில் எங்கே நிறுத்துவது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. அதன் பலனைக் கல்யாண வீடுகளில் நான் அனுபவிக்கிறேன். சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு யாராவது ஒரு மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்து வாயைத் திறப்பார். "பிள்ளை, இந்தக் கடைவாய்ப் பல்லைக் கொஞ்சம் பார்." நானும் எட்டிப் பார்ப்பேன். பார்த்துவிட்டு, "நல்ல பல் டாக்டராப் பார்த்துப் போங்கோ மாமா" என்பேன். அதை அவர் என் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு சிரிப்பார். என்னைத் தெரிந்த யாரும் என்மீது அடக்கம் என்ற பழியைச் சுமத்த மாட்டார்கள்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் தானமாக வந்ததையும் பார்ப்பேன், விலைக்கு வந்ததையும் பார்ப்பேன். என் பிழைப்பே அதுதான். ஆஸ்திரேலியாவில் போய்க் கற்றுக்கொண்டு வந்த வேலை. பினாங்குத் தீவிலும் கடலுக்கு அக்கரையிலும் பேராக் வரைக்கும் இருக்கிற குதிரை லாயங்களுக்கு என் காரில் போவேன். பின்பக்கம் முழுக்க அரங்கள், வாளிகள், குதிரையின் வாயைத் திறந்தபடி பிடித்து வைக்கும் இரும்புச் சட்டம். இளங்குதிரைகள் என்றால் எனக்குத் தனிப் பிரியம். அவற்றுக்குத்தான் என் உதவி அதிகம் தேவைப்படுகிறது.

குதிரைக்கும் பால் பல் உண்டு என்பது பல பேருக்குத் தெரியாது. இரண்டரை வயதில் அது விழத் தொடங்கும். எல்லாம் விழுந்து புதுப் பல் முளைத்து முடிய ஐந்து வயது நெருங்கிவிடும். ஒரு வீட்டில் குடியிருந்துகொண்டே ரெனோவேஷன் பண்ணினால் எப்படி இருக்குமோ, அந்த வயதில் அதன் வாய் அப்படித்தான் இருக்கும். கன்னப் பக்கத்துப் பால் பல், கீழிருந்து வரும் புதுப் பல்லின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும். நாங்களும் அதைத் தொப்பி என்றே சொல்வோம். புதுப் பல் முட்டி முட்டித் தள்ள, ஒரு நாள் அது தானாகக் கழன்று புல்லோடு புல்லாக விழுந்துவிடும். சில சமயம் விழாது. ஒரு ஓரம் கழன்று மறு ஓரம் ஒட்டிக்கொண்டு ஆடும். இடையில் புல் புகுந்து அழுகும். கழன்ற விளிம்பு ஈறிலும் கன்னத்திலும் குத்தும். அதே வயதில்தான் மனிதர்கள் அதன் வாயில் கடிவாள இரும்பை மாட்டி ஓட்டப் பழக்குகிறார்கள். அது தலையை உதறினால் திமிர் என்கிறார்கள். திமிர் என்ற சொல்லை என் முன்னால் ஒரு முறை சொன்ன பயிற்சியாளர்கள் இரண்டாம் முறை சொன்னதில்லை.

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலிலிருந்து வந்த அம்மா செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் சொன்னார்.

"பிள்ளை, சிம்பாங் அம்பாட்டிலை ஒரு குதிரை விரதம் இருக்குதாம்."

ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டில் வாங்கி வந்த கீரையை ஆய்ந்துகொண்டிருந்தேன். "குதிரையா? என்ன விரதம்?"

"முருகனுக்குத்தான். குதிரைக்காரி பால்குடத்துக்கு விரதம் பிடிச்ச நாள்லை இருந்து அதுவும் புல்லைத் தின்னுறேல்லையாம். வாழைப்பழம் குடுத்தா மட்டும் சாப்பிடுதாம். புல்லைப் போட்டா எடுத்துத் தண்ணியிலை நனைச்சுப்போட்டு அப்பிடியே விட்டிடுதாம். சனம் எல்லாம் போய்க் கும்பிட்டிட்டு வருகுது. வாயில்லாச் சீவனுக்கு இருக்கிற பக்தி! நீ வெள்ளிக்கிழமையிலை முட்டை சாப்பிடுறாய்."

என் கை கீரையோடு நின்றுவிட்டது. "அதுக்கு என்ன வயசாம்மா?"

"அதை ஏன் கேக்கிறாய்?"

"சொல்லுங்கோ."

"சின்னக் குதிரையாம். மூண்டு வயசு வரும் எண்டு கதைச்சினம்."

கீரையை அப்படியே வைத்துவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தேன். மகளுக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது என்று அம்மா மகிழ்ந்துபோனார். வழியில் நிறுத்தி ஒரு சீப்பு வாழைப்பழம் வேறு வாங்கிக்கொண்டார்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் சாமி இல்லை என்று சொல்கிற ஆள் இல்லை. வருஷா வருஷம் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறுகிறவள். தைப்பூசத்தன்று அடிவாரத்தில் எங்கள் ஆட்கள் போடும் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றுகிறவள். முருகனுக்கும் எனக்கும் எந்தச் சண்டையும் கிடையாது. ஆனால் ஒரு குதிரை புல்லை விட்டு வாழைப்பழம் தின்கிறது என்றால் எனக்கு முதலில் பல்தான் ஞாபகத்துக்கு வரும். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. பாலத்தைத் தாண்டி அக்கரை போய்ச் சேரும்வரை அவர் பாடிக்கொண்டே வந்தார்.

இடத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு தொழிற்சாலைச் சுவருக்கும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டத்துக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட சின்ன லாயம். சாலை ஓரத்தில் வரிசையாகக் கார்கள். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் கையைக் காட்டிக் காட்டிக் கார்களை நிறுத்த வைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் அந்த வீட்டுக்காரர். அவர் முகத்தில் கோயில் தலைவருக்கு உள்ள களை வந்திருந்தது.

குதிரைக்காரி அவர் மனைவி. ஐம்பது வயது இருக்கும். பல வருஷம் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு, சின்ன வயதிலிருந்து இருந்த ஆசைக்கு வயதான மட்டக் குதிரைகள் இரண்டை வாங்கி, சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குச் சவாரி பழக்குகிறார். மூன்றாவதாக வந்ததுதான் இந்த இளங்குதிரை. காயடித்த ஆண், செம்பழுப்பு நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைக் கீற்று. வந்த புதிதில் வயிற்று வலியில் படுத்துப் புரண்டிருக்கிறது. பிழைக்காது என்று எல்லாரும் கைவிட்டபோது, "இது எழுந்து நின்னா பால்குடம் எடுக்கறேன் முருகா" என்று அந்த அக்கா வேண்டிக்கொண்டிருக்கிறார். அது எழுந்து நின்றது. அதற்காகத்தான் விரதம். மஞ்சள் சேலையில், உருத்திராட்ச மாலையோடு, ஒரு வேளைச் சோற்றில் ஒட்டிப்போன முகத்தோடு நின்றார்.

"நான் வெரதம் ஆரம்பிச்ச அடுத்த வாரம் இதுவும் ஆரம்பிச்சிருச்சுங்க. அதுக்கு எப்படித் தெரிஞ்சுச்சோ, சாமிக்குத்தான் வெளிச்சம்" என்று அம்மாவிடம் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கியது. பொய் சொல்கிற முகம் இல்லை. தனக்காக ஒருத்தி பட்டினி கிடக்கிறாள் என்று அந்தக் குதிரைக்குத் தெரிந்திருக்கிறது என்று மனதார நம்பினார். அவர் இடத்தில் இருந்தால் யாருக்குத்தான் அப்படி நம்ப ஆசை வராது?

குதிரையின் கழுத்தில் சாமந்தி மாலை, நெற்றியில் திருநீறு. மக்கள் வரிசையாக வந்து பழத்தை நீட்டினார்கள். அது வாங்கி விழுங்கியது. வாழைப்பழத்தை மெல்ல வேண்டிய அவசியமே இல்லையே. மாலைக்குக் கீழே விலா எலும்புகள் தெரிந்தன. வாளித் தண்ணீரில் புல் மிதந்தது. தரையில் பாதி மென்று துப்பிய புல் உருண்டைகள் ஈரத்தோடு கிடந்தன. ஒரு பெண் அதில் ஒன்றை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

நான் வரிசையைத் தாண்டிப் பக்கத்தில் போனேன். அதன் மூச்சு என் முகத்தில் பட்டது. அழுகல் வாடை. தாடைக்குக் கீழே வலது பக்கம் ஒரு வீக்கம். கன்னத்தை வெளியிலிருந்து விரலால் மெல்ல அழுத்தினேன். வெடுக்கென்று தலையை இழுத்துக்கொண்டது. எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"அக்கா, இது வெரதம் இல்ல. பல்வலி. பால் பல்லு கழண்டு மாட்டிக்கிட்டு இருக்கு. உடனே டாக்டரக் கூட்டிவந்து பார்க்கணும்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. குழந்தைக்குச் சொல்வது போல்தான் சொன்னார். "தங்கச்சி, தைப்பூசம் முடியட்டும். வெரத வீடு. ரத்தம் கித்தம் வரக்கூடாது. முடிஞ்சதும் நீங்க சொல்றபடி பார்க்கலாம்."

வீட்டுக்காரர் வேகமாக வந்தார். "என்ன தங்கச்சி, இவ்ளோ சனம் வந்துக்கிட்டு இருக்கு. இப்போ போய் பல்வலின்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா? கொஞ்சம் பொறுங்கலா."

பொறுமை எனக்குக் குதிரைகளோடு மட்டும்தான் உண்டு. "தைப்பூசத்துக்குள்ள இது செத்துப் போனா என்ன சொல்வீங்க? சாமிகிட்ட போயிடுச்சுன்னு சொல்வீங்களா?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னது. அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. வரிசையில் யாரோ "யாரு இந்தப் பொம்பள?" என்று கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. வீட்டுக்காரர் வெளியே போகும் வழியைக் கையால் காட்டத் தொடங்கினார். கார்களுக்குக் காட்டிய அதே கை. குதிரை வாளியில் மூக்கை விட்டு மிதந்த புல்லை மறுபடி கவ்வியது. இரண்டு வாரம் இது தாங்காது என்று எனக்குத் தெரியும். என்னை வெளியே அனுப்பிவிட்டால் அதற்காகப் பேச அங்கே யாருமில்லை. பெரிதாகப் பேசிக் காரியத்தைக் கெடுத்துவிட்டேனே என்று என் மீதே எரிச்சல் வந்தது.

அப்போதுதான் அம்மா வாழைப்பழச் சீப்பை என் கையில் திணித்துவிட்டு முன்னால் போனார்.

"என்ட மகள் குதிரைக்குப் பல் பாக்கிறவ" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "அதுதான் அவவின்ட வேலை. வெளிநாட்டிலை போய்ப் படிச்சவ. இந்தப் பக்கத்திலை இருக்கிற முக்கால்வாசிக் குதிரையள் அவவிட்டைத்தான் வாயைத் திறக்கும். நானும் விரதம் எண்டு நம்பித்தான் பழம் வாங்கிக்கொண்டு வந்தனான். அவ இல்லையெண்டு சொன்னா, இல்லைத்தான்."

என் வேலையைப் பற்றிப் பேசும்போது அம்மா குதிரை என்ற சொல்லை விழுங்காமல் சொன்னது அன்றுதான் முதல் முறை. அழுவதற்கு நேரமில்லை என்பதால், "அக்கா, ஒரே ஒரு உதவி பண்ணுங்க" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "எல்லாரையும் கொஞ்சம் வெளிய நிக்கச் சொல்லுங்க. நீங்களும் நானும் மட்டும் கொஞ்ச நேரம் பார்ப்போம். அப்பவும் வெரதம்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா நான் போயிடறேன்."

அக்கா யோசித்தார். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார்.

அன்று காலை வெட்டிய புல் மூலையில் கிடந்தது. ஒரு கட்டுப் புல்லை எடுத்துக் குதிரைக்கு முன்னால் போட்டுவிட்டு அக்காவோடு சுவரோரம் குந்தினேன். குதிரை ஆவலோடு குனிந்து வாய் நிறையப் புல்லை எடுத்தது. மெல்லத் தொடங்கியது. தாடை ஒரு தடவை அசைந்து நின்றது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு மறுபடி மென்றது. நின்றது. வாயோரம் எச்சில் வழிந்தது. பிறகு நாக்கால் தள்ளித் தள்ளி அத்தனையையும் கீழே துப்பியது. துப்பியதை முகர்ந்து பார்த்தது. வாளிக்குப் போய், புல்லை நனைத்து, மறுபடி வாயில் வைத்தது. மறுபடி துப்பியது. திரும்பவும் கட்டுக்கு வந்து புதிதாக ஒரு வாய் எடுத்தது.

அக்காவின் கை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

"வெரதம் இருக்கறவங்க சோத்த வாயில வச்சு வச்சுப் பார்ப்பாங்களா அக்கா?" என்று கேட்டேன். "நீங்க இருக்கீங்க. சோத்துப் பக்கம் திரும்பிப் பார்ப்பீங்களா? இதப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் போய் எடுக்குது. அதுக்குப் பசிக்குது."

குதிரை இன்னொரு வாய் எடுத்தது. சாய்ந்த தலையோடு மென்றது.

"நான் ஒரு வேளையாச்சும் சாப்பிடறேன்" என்றார் அக்கா. "இது அதுவும் இல்லாம இருந்திருக்கு. நான் அத நிக்க வச்சு மால போட்டுக் கும்பிட்டுக்கிட்டு இருந்திருக்கேன்." எழுந்து போய்க் குதிரையின் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினார். "டாக்டரக் கூப்பிடுங்க தங்கச்சி. ரத்தம் வந்தா வரட்டும். முருகன்கிட்ட நான் பேசிக்கறேன்."

மயக்க மருந்து போட நான் வழக்கமாகக் கூப்பிடும் கால்நடை டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். ஊசி போட்டதும் குதிரையின் கண் இமை தளர்ந்தது, கீழுதடு தொங்கியது, தலை பாரமாகி, நாங்கள் முன்னால் நிறுத்தியிருந்த தாங்கியின் மேல் சாய்ந்தது. வாயில் சட்டத்தை மாட்டித் திறந்து, நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு கையை உள்ளே விட்டேன். குதிரையின் வாய்க்குள் என் கைக்குக் கண் உண்டு. இடது கீழே ஒரு தொப்பி ஆடிக்கொண்டிருந்தது; இடுக்கி பட்டதுமே வந்துவிட்டது. வலது கீழேதான் வில்லங்கம். தொப்பி ஒரு பக்கம் எழும்பி, அடியில் அழுகிய புல் அடைத்து, ஈறு வீங்கி அதை இறுக்கிப் பிடித்திருந்தது. அவசரப்பட்டால் பாதி உடைந்து உள்ளே நின்றுவிடும். அசைத்து, விட்டு, அசைத்து, ஒரு சின்னத் திருப்பலில் முழுதாக வெளியே எடுத்தேன். கொஞ்சம் ரத்தம், நிறைய நாற்றம். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடியில் புதுப் பல்லின் வெள்ளை விளிம்பு தெரிந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை மாமாக்கள் யாருக்கும் விளக்க முடியாது.

"மத்த பால் பல்லையும் இதோட புடுங்கிடுங்கலா தங்கச்சி, இன்னொரு தடவ தொல்ல இல்லாம" என்றார் வீட்டுக்காரர். முதல் நாள் என்னை வெளியே அனுப்பப் பார்த்தவர் இப்போது வாளி பிடித்துக்கொண்டிருந்தார்.

"இறுக்கமா இருக்கறத நான் தொட மாட்டேன் அண்ணே. அதுக்கு நேரம் வரல. இப்போ எடுத்தா கீழ வளர்ற பல்லு கெட்டுப் போயிடும்." மேல்வரிசையில் கன்னத்தைக் கீறிக்கொண்டிருந்த கூர்முனைகளை மட்டும் அரத்தால் தேய்த்து மழுக்கினேன். உப்புத் தண்ணீர் விட்டு வாயைக் கழுவினேன்.

மயக்கம் தெளியும்வரை புல் போடக் கூடாது, தொண்டையில் அடைத்துவிடும். அக்கா அதன் பக்கத்திலேயே நின்று நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். நான் கவனிக்க வேண்டியதைச் சொல்லிக்கொடுத்தேன். "குதிர மேலயும் கீழயும் மெல்லாது. சுத்திச் சுத்தி அரைக்கும். கொஞ்ச நேரம் இடது பக்கம், கொஞ்ச நேரம் வலது பக்கம். இப்படி." என் தாடையையே வளைத்துக் காட்டினேன். அக்காவும் வளைத்துப் பார்த்தார். "இல்லக்கா, இன்னும் அகலமா." இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று குதிரை மாதிரித் தாடையை அரைப்பதைப் பார்த்து டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வலது பக்கம் ஈறு மோசமா இருக்கு. மருந்துல ஆறிடுச்சுன்னா ரெண்டு பக்கமும் அரைக்கும். தைப்பூசம் வரைக்கும் பாருங்க. அப்பவும் ஒரே பக்கமா அரைச்சுச்சுன்னா புதுப் பல்லோட வேர்லயே கோளாறு. எக்ஸ்ரே எடுக்கணும். அந்தப் பல்லையே எடுக்க வேண்டி வரலாம்."

மூன்று வயதில் நிரந்தரப் பல்லை இழந்த குதிரைக்கு அது வாழ்நாள் தொல்லை. அக்காவுக்கு அது புரிந்தது.

மதியம் புல் போட்டோம். குதிரை எடுத்தது. மென்றது. கரக், கரக் என்று சத்தம் லாயம் முழுக்கக் கேட்டது. இடது பக்கம் மட்டும்தான் அரைத்தது. ஆனாலும் ஒரு வாயைக்கூடத் துப்பவில்லை. பசி வந்தால் பத்தும் பறந்துவிடும். யார் நிற்கிறார்கள், யார் பார்க்கிறார்கள் என்றெல்லாம் அது தலை நிமிரவே இல்லை. அக்கா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார்.

அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் பழத்தட்டோடு வந்து இறங்கியது. பட்டர்வொர்த்திலிருந்து வருகிறார்களாம். பெரியவர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, புல்லு திங்குது? வெரதம் முடிஞ்சிருச்சா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டார்.

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று அவருக்குத் தெரியும். ஏதாவது சமாளித்துச் சொல்லிவிட வழி இருந்தது. முடிஞ்சிருச்சு என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

"வெரதம் இல்லீங்கய்யா" என்றார் அக்கா. "பல்வலி. பசியில கெடந்திருக்கு. நாந்தான் பார்க்கல."

பெரியவர் பழத்தட்டை அந்த இரண்டு கிழட்டு மட்டக் குதிரைகளுக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார். அவை இரண்டும் அன்றுதான் முதல் முறையாக அந்த இடத்தில் மரியாதை பெற்றன.

அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் அக்கா அதையே சொன்னதாக அம்மா கோயிலில் கேட்டுவந்து சொன்னார். சிலர் சிரித்தார்களாம். சிலர், சாமி காரியத்தில் குறுக்கே வந்த ஒரு திமிர் பிடித்தவளைப் பற்றிப் பேசினார்களாம். "அது நீதான்" என்றார் அம்மா பெருமையோடு.

வலது பக்கம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசி வாரம் அக்கா மௌன விரதமும் சேர்த்துப் பிடித்துவிட்டார், போனை எடுப்பதில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டால், "நல்லா திங்குதுலா" என்பார். எந்தப் பக்கம் என்று கேட்டால், "வாய்லதான்" என்பார். நானே போய்ப் பார்க்க முடியாதபடி ஈப்போ பக்கம் வேலை இழுத்துவிட்டது. கவலை மட்டும் கூடவே வந்தது. இரவில் கண்ணை மூடினால் சாய்ந்த தலையோடு அது மெல்லுவதுதான் தெரிந்தது.

தைப்பூசத்தன்று வழக்கம்போல அடிவாரத்தில் எங்கள் பந்தலில் நின்று மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தார் ரோடு கொதித்தது. எதிர்ப் பந்தலின் ஒலிபெருக்கியும் எங்கள் பந்தலின் ஒலிபெருக்கியும் போட்டி போட்டதில் பக்கத்தில் நின்ற அம்மா பேசுவதே எனக்குக் கேட்கவில்லை. அவர் என் தோளைத் தட்டிக் கையைக் காட்டினார். கூட்டத்துக்கு நடுவில் மஞ்சள் சேலையில், தலையில் பால்குடத்தோடு, வாயில் மஞ்சள் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அக்கா வந்துகொண்டிருந்தார். பின்னால் வீட்டுக்காரர் குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

மோர்க் குவளையை யார் கையிலோ கொடுத்துவிட்டு ஓடினேன். பக்கத்தில் போய், "அக்கா! சாப்பிடுதா?" என்று கத்தினேன்.

அவர் என்னைக் கண்டுகொண்டார். வாய் கட்டியிருந்தது. இரண்டு கையும் குடத்தில் இருந்தன. கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது. ஒரு கணம் நின்றார். பிறகு அந்த மஞ்சள் துணிக்குள் அவருடைய தாடை மெதுவாக அசைந்தது. அகலமாக, வட்டமாக, நான் காட்டிக்கொடுத்த மாதிரியே இடது பக்கம் அரைத்தது. நின்றது. என் கண்ணை விடாமல் பார்த்தபடி, அதே அகலத்தில், வலது பக்கமும் அரைத்தது.